யானையா, மன்றா?

தொடக்கக் கேள்வி (ஒரு வாசகர்)

குழந்தை மனசு தொலைந்து உலகம் புரிபடுகிற அந்த நேரத்தைப் பற்றி ஆங்கிலத்தில் அலமாரி நிறைய எழுதி வைத்திருக்கிறார்கள். தமிழில் தேடினால் எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. ஏதேன் தோட்டம், விலக்கப்பட்ட கனி, பாவம் என்று வந்த மரபுக்குத்தான் அந்தக் கவலையெல்லாம். நம்மிடம் இருப்பது கற்பு போன கதை மட்டும். மறுப்பவர்கள் உதாரணத்தோடு வரவும்.

பிப்ரவரி 4, இரவு 10.40

உதாரணத்தோடு வந்திருக்கிறேன். கற்பு பற்றிச் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அதை அப்புறம் பார்ப்போம். தமிழில் இல்லை என்றீர்களே, முதலில் அதற்குப் பதில்.

புறநானூறு 46. சோழன் கிள்ளிவளவன் மலையமான் என்ற சிற்றரசனின் பிள்ளைகளை யானைக் காலில் இடக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறான். புலவர் கோவூர் கிழார் குறுக்கே புகுந்து பாடுகிறார். நீ ஒரு புறாவின் துன்பத்தைத் தீர்த்தவன் வழியில் வந்தவன், இவர்களோ புலவர்களின் வறுமைக்கு அஞ்சித் தங்கள் சோற்றைப் பகிர்ந்து உண்டவர்கள் வீட்டுப் பிள்ளைகள் என்று சொல்லிவிட்டு அந்தப் பிள்ளைகளின் முகத்துக்கு வருகிறார்.

"களிறுகண்டு அழூஉம் அழாஅல் மறந்த
புன்தலைச் சிறாஅர் மன்றுமருண்டு நோக்கி
விருந்தின் புன்கண் நோவுடையர்"

அழுதுகொண்டிருந்த பிள்ளைகள் யானையைப் பார்த்ததும் அழுகையை மறந்துவிட்டார்கள். இன்றைக்கும் கோயில் வாசலில் நடப்பதுதான் இது. அந்த யானை தங்களை மிதிக்க நிற்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. சரி, அப்புறம் எதைப் பார்த்து மிரண்டார்கள்? மன்றை. கூடி நின்ற பெரியவர்களை. 'விருந்து' என்றால் அந்தக் காலத்தில் புதுமை. இதுவரை வந்திராத வேதனை முதல்முறையாக உள்ளே வருகிறது. நம் வீட்டுக்கு வருகிறவர்களைச் சொல்லும் அதே சொல் அதற்கும்!

என் கட்சி இதுதான்: தமிழில் குழந்தைமை தொலைவது யானையால் அல்ல, மன்றால். நடந்த சம்பவம் பிள்ளையை அசைப்பதில்லை. சுற்றி நின்ற பெரியவர்களின் முகமும் அவர்கள் சொல்லும் ஒரு சொல்லும்தான் அசைக்கிறது. நாளைக்கு ஆள் கூட்டி வருகிறேன்.

பிப்ரவரி 5, காலை

ஒருவர் "களங்கமின்மை என்று எழுதுங்கள், அதுதான் சரியான சொல்" என்கிறார். எனக்கு அது சோப்புத்தூள் விளம்பரம் மாதிரி கேட்கிறது. இன்னொருவர் "வெகுளித்தனம்". நல்ல சொல்தான், ஆனால் திருக்குறளில் 31ஆம் அதிகாரம் வெகுளாமை. அங்கே வெகுளி என்றால் கோபம். இன்றைக்கு 'அவன் ஒரு வெகுளி' என்றால் சூது தெரியாதவன். கோபக்காரன் எப்படி அப்பாவி ஆனான் என்று யாராவது சொல்லுங்கள். மனசில் பூட்டி வைத்துக்கொள்ளத் தெரியாமல் சட்டென்று கோபப்படுகிறவனிடம் சூது இருக்காது, அப்படி வந்திருக்குமோ என்று எனக்கு ஒரு ஊகம். ஊகம்தான், சண்டைக்கு வர வேண்டாம்.

எங்கள் பக்கம் 'வெள்ளந்தி' என்பார்கள். கூடவே கொஞ்சம் கிண்டலும் இருக்கும்.

பிப்ரவரி 5, இரவு 11.15

மன்று என்றதும் எனக்கு நினைவு வருவது அண்ணாச்சி கடை. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எனக்கு ஏழு வயது. வெளியூரிலிருந்து பெரியப்பா வந்திருந்தார். காபிக்குச் சீனி இல்லை. அம்மா என் கையில் பற்று நோட்டைக் கொடுத்துக் கால் கிலோ சீனி வாங்கி வரச் சொன்னாள். பழுப்பு அட்டை போட்ட நீள நோட்டு, மூலையில் எண்ணெய்க் கறை, நடுவில் நூல் கட்டி அதில் ஒரு துண்டுப் பென்சில்.

நோட்டை நீட்டினேன். அண்ணாச்சி அதைத் திறக்கவே இல்லை. புளி நிறுத்துக்கொண்டிருந்த தராசைப் பிடித்தபடி, "அப்பாவ வரச் சொல்லு" என்றார். சத்தம்கூடப் போடவில்லை. கடையில் நாலு பேர் நின்றார்கள். நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். தராசுத் தட்டு ஆடி ஆடி நின்றதுவரை நான் அங்கேயே நின்றேன்.

வீட்டுக்கு வந்து "கடையில சீனி இல்லையாம்" என்று அம்மாவிடம் சொன்னேன். எனக்குத் தெரிந்து நான் யோசித்துச் சொன்ன முதல் பொய் அது.

பசி தெரியும், கடன் என்கிற சொல் தெரியும், அப்பாவுக்கு இரண்டு மாதமாக வேலை இல்லை என்பதும் தெரியும். அவையெல்லாம் யானை. எதுவும் என்னை ஒன்றும் செய்யவில்லை. நாலு தலை திரும்பியதே, அதுதான்.

பிப்ரவரி 7, மதியம்

கற்புக்கு வருகிறேன். ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்', 1966, ஆனந்த விகடன். கல்லூரிப் பெண், மழை, பஸ் ஸ்டாப்பு, ஒரு கார். இதை எல்லோரும் கற்பு போன கதை என்றே படிக்கிறார்கள். நானும் இருபது வயதில் அப்படித்தான் படித்து, நண்பர்களோடு டீக்கடையில் மணிக்கணக்காகப் பேசித் தள்ளினேன். நாங்கள் எல்லோரும் ஆண்கள் என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

இப்போது படித்தால் கண்ணில் நிற்பது வேறு. அந்தப் பெண் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டாள். அம்மா அலறுகிறாள், அடிக்கிறாள். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தில் என்னவென்று கேட்கிறார்கள். அந்த ஒரு நொடியில் அம்மா மாறிவிடுகிறாள். பெண் மழையில் நனைந்து வந்திருக்கிறாள், அதற்குத்தான் அடித்தேன் என்று சமாளிக்கிறாள். மன்று வாசல்வரை வந்துவிட்டது, ஒரு பொய்யைச் சொல்லிக் கதவைச் சாத்துகிறாள். பிறகு தலையில் தண்ணீர் ஊற்றுகிறாள், இதை நெருப்பு என்று நினைத்துக்கொள் என்கிறாள். அந்த வசனத்தைத்தான் ஊரே பேசியது. எனக்கு முக்கியமாகப் படுவது மழை என்று சொன்ன அந்தப் பொய்.

இன்னொன்று, சூயிங்கம். காரில் அவன் கொடுத்தது. வீட்டுக்கு வந்தும், இத்தனை நடந்தும், அவள் வாய் எதையோ மென்றுகொண்டிருக்கிறது. என்னடி மெல்லுகிறாய் என்று அம்மா கேட்டுத் துப்பச் சொல்கிறாள். கதையில் மழையைப் பற்றி இரண்டு பக்கம் இருந்தாலும் அந்தப் பெண் இன்னும் குழந்தை என்று சொல்வது அந்தச் சூயிங்கம்தான்.

அப்புறம் ஜெயகாந்தன் செய்தது எனக்குத் தெரிந்து தமிழில் வேறு யாரும் செய்யாத வேலை. அந்த அம்மா அப்படி வாயை மூடிக்கொள்ளாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகும் என்று ஒரு நாவலே எழுதினார். 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1972இல் சாகித்திய அகாதெமி பரிசு. அதே பெண், அதே மழை, அதே கார். மாறியது அம்மாவின் வாய் மட்டும். வாழ்க்கை முழுக்க வேறாகிவிட்டது. நாவலுக்குள் அந்தப் பெண், கங்கா, அந்தச் சிறுகதையையே பத்திரிகையில் படிக்கிறாள், தனக்குக் கிடைக்காமல் போன அம்மாவை அச்சில் பார்க்கிறாள். என் கட்சிக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

பிப்ரவரி 8

"உங்கள் கட்சி ஜெயித்தது என்று நீங்களே தீர்ப்பு சொல்லிக்கொள்கிறீர்கள்" என்று ஒருவர். ஆமாம், வேறு யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

வாசகர் சொன்னதில் பாதி உண்மை என்றேனே, அது இது. அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று பெண்ணுக்கு நான்கு சொல்லிவைத்தார்களே, அதில் மடம் என்ன? பழைய உரை "கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை" என்கிறது. பிறர் சொல்லிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு அதை விடாமல் பிடித்திருப்பது. தானாக எதையும் தெரிந்துகொள்ளாமல் இருப்பதைப் பெண்ணுக்கு அணியாகவே பூட்டிவிட்டார்கள். பூட்டியது கழன்றால் "கெட்டுப்போனாள்". அதே அனுபவம் பையனுக்கு வந்தால் "விவரம் தெரிஞ்சுபோச்சு". தெரிந்துகொள்வதற்கே நம்மிடம் இரண்டு வினைச்சொல் இருக்கிறது.

பிப்ரவரி 11, இரவு

அம்பையின் 'அம்மா ஒரு கொலை செய்தாள்'. இதை வைத்தே ஆரம்பித்திருக்க வேண்டும்.

பதின்மூன்று வயதை ஒட்டிய பெண். கறுப்பு நிறம். அம்மா என்றால் அவளுக்குச் சாமி, தீயின் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரிய உருவம். அம்மா தங்கை வீட்டுக்குப் போயிருக்கும் நேரத்தில் இவள் வயதுக்கு வந்துவிடுகிறாள். வீட்டில் மற்றவர்கள் பேசுவது எதுவும் விளங்கவில்லை. அம்மா வந்தால் சொல்வாள், அம்மா சொன்னால் புரியும், பயம் போய்விடும். காத்திருக்கிறாள்.

அம்மா வருகிறாள். அங்கே தங்கை பெண்ணைக் கறுப்பு என்று மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்று சொல்லிவிட்ட விஷயத்தைச் சுமந்துகொண்டு வருகிறாள். இவளைப் பார்த்து, உனக்கு இதற்குள் என்ன அவசரம் என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்கிறாள். தலைப்பில் இருக்கும் கொலை அந்த வார்த்தைதான்.

இரத்தம் யானை. அவள் அதைப் பார்த்து மிரண்டாள், ஆனால் உடையவில்லை. அம்மாவின் வாயிலிருந்து மன்று பேசியபோது உடைந்தாள். மன்று வெளியே இருந்து வரவேண்டும் என்று இல்லை, அம்மாவின் உடம்புக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் இந்தக் கதையை மன்னிக்க முடியவில்லை. அந்த அம்மாவை என்று சொல்ல வந்தேன்.

பிப்ரவரி 12

ஏதேன் தோட்டத்து ஆப்பிளை இன்னும் விடமாட்டேன் என்று ஒருவர் நிற்கிறார். ஆங்கிலத்திலும் அந்த ஒரே பழத்தை மட்டும் கடித்துக்கொண்டிருக்கவில்லை ஐயா. வில்லியம் பிளேக் 1789இல் குழந்தைமைப் பாட்டுகள் என்று ஒரு தொகுப்பு போட்டார், 1794இல் அனுபவப் பாட்டுகள் என்று அதற்கு மறுபக்கத்தைச் சேர்த்தார். லண்டனில் புகைபோக்கி துடைக்கும் சின்னப் பையன் இரண்டிலும் வருகிறான். முதல் தடவை கனவில் தேவதை வந்து ஆறுதல் சொல்கிறது. இரண்டாம் தடவை, பனியில் ஒரு கறுத்த சின்ன உருவமாக நிற்கிறான். உன் அப்பா அம்மா எங்கே என்று கேட்டால், தேவாலயத்துக்குப் பிரார்த்தனை பண்ணப் போயிருக்கிறார்கள் என்கிறான். பழமும் இல்லை, பாம்பும் இல்லை. கரி, கூலி, கும்பிடப் போன பெற்றோர். அங்கேயும் மன்றுதான்.

பிப்ரவரி 15, அதிகாலை (தூக்கம் வரவில்லை)

கூலி என்று எழுதிவிட்டு மூன்று நாளாக வேறொன்று ஓடிக்கொண்டிருக்கிறது.

எங்கள் வகுப்பில் ஒரு பெண். நான்காம் வகுப்பு பாதியில் நின்றுவிட்டாள். ஏன் வரவில்லை என்று டீச்சர் கேட்டதற்கு யாரோ, "அவ ஆபீஸ் போறா டீச்சர்" என்றார்கள். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். தீப்பெட்டி ஆபீஸ். எங்கள் பக்கத்துக்கு மாற்றலாகி வந்த வெளியூர் டீச்சர் என்ன நினைத்தாரோ. விடிவதற்கு முன்னால் வண்டி வரும், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். கட்டை அடுக்குகிற வேலை. சட்டத்தில் குச்சியை வரிசை வரிசையாகக் குத்தி வைக்க வேண்டும், சின்ன விரலுக்குத்தான் அது வேகமாக வரும் என்பார்கள்.

ஒரு பொங்கலுக்கு அவளைத் தெருவில் பார்த்தேன். இடுப்பில் தம்பி. "இந்த வருசம் முன்பணம் வாங்கியாச்சு, அதக் கழிக்கணும்" என்றாள். முன்பணம், கழிக்கிறது என்பதெல்லாம் எங்கள் அப்பா வாயில் வரும் வார்த்தைகள். பத்து வயதுப் பெண் சாதாரணமாகச் சொன்னாள். அவள் முகத்தில் துக்கம் எதுவும் இல்லை, அவசரம்தான் இருந்தது.

தி. ஜானகிராமனின் 'சிலிர்ப்பு' படித்தபோது அவள்தான் வந்தாள். ரயிலில் அப்பாவும் சின்னப் பையனும் போகிறார்கள். எதிரில் ஒரு சிறுமி, கல்கத்தாவுக்கு வீட்டு வேலைக்குப் போகிறவள். பெரிய மனுஷி மாதிரிப் பேசுகிறாள். பையன் தன் ஆரஞ்சுப் பழத்தை அவளுக்குக் கொடுத்துவிடுகிறான். அப்பாவுக்குச் சிலிர்க்கிறது. படித்த எல்லோருக்கும் சிலிர்க்கும், எனக்கும்தான்.

ஆனால் சிலிர்ப்பு யாருக்கு? அப்பாவுக்கு. நமக்கு. அந்தப் பெண் பழத்தை வாங்கிக்கொண்டு கல்கத்தாவுக்குப் போகிறாள். பையனிடம் இருக்கிற குழந்தைமையைப் பார்த்து நாம் கண் கலங்குகிறோம், அவளிடம் அது எப்போது போனது என்று கதைக்குத் தெரியாது. தொலைக்கிற காட்சியே இல்லாமல் தொலைத்தவள் அவள். இவளை யானையில் சேர்ப்பதா, மன்றில் சேர்ப்பதா? என் பாகுபாடு இங்கே உதவவில்லை. ஒரு நாளில் ஒரு சொல்லில் போகிறது என்பதே கொஞ்சம் வசதியான பிள்ளைகளின் கதையோ என்னவோ.

பிப்ரவரி 15, காலை

மேலே உள்ளதை மறுபடி படித்தேன். அழிக்க நினைத்தேன், இருக்கட்டும். கடைசி வரியை மட்டும் மாற்றிக்கொள்கிறேன்: "என்னவோ" தேவையில்லை.

பிப்ரவரி 19, இரவு 9.30

"ஆண்பிள்ளைகள் கதை ஒன்றும் இல்லையா?" என்று கேட்டவருக்கு: அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு', 1977. இது என் கட்சியை அடியோடு கவிழ்க்கும் என்று தெரிந்தே கொண்டுவருகிறேன்.

செகந்திராபாத். சந்திரசேகரன் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்கிற தமிழ்ப் பையன், கல்லூரியில் படிக்கிறான். கிரிக்கெட், சைக்கிள், வீட்டு மாட்டைப் பார்த்துக்கொள்வது. சுற்றி நிஜாம் ராஜ்யம் ஆட்டம் காண்கிறது. நிஜாமுக்காகச் சண்டை போட்ட ரஜாக்கர்கள், அகதிகள், காந்தி கொலை. 1948 செப்டம்பர் 13இல் இந்தியப் படை உள்ளே வருகிறது. முக்கால்வாசி நாவல்வரை இவனுக்கு எல்லாம் கொஞ்சம் தள்ளியே நடக்கிறது. ஊர் எரிகிறபோதும் கிரிக்கெட் மட்டை ஞாபகத்தில் இருக்கும். அந்த வயதில் அப்படித்தான் இருக்கும், அதை அசோகமித்திரன் கொஞ்சமும் கிண்டல் செய்யாமல் எழுதியிருக்கிறார்.

கடைசியில் கலவரம் முஸ்லிம்கள் பக்கம் திரும்பிவிட்டது. இவன் தப்பிக்கச் சுவரேறிக் குதித்து ஒரு வீட்டுக்குள் போய் விழுகிறான். அங்கே ஒரு குடும்பம் ஒடுங்கி நிற்கிறது. தாக்க வந்தவன் என்று நினைத்துவிட்டார்கள். ஒரு சின்னப் பெண் முன்னால் வந்து, வீட்டில் இருப்பவர்களை விட்டுவிடச் சொல்லித் தன் உடையைக் களைகிறாள். இவன் ஓடுகிறான்.

யாரும் இவனிடம் கடும் சொல் சொல்லவில்லை, நாலு தலையும் திரும்பவில்லை. அப்படியென்றால் இது யானைக் கதை, என் கட்சி தோற்றது.

பிப்ரவரி 20, விடியற்காலை

இல்லை. இரவு முழுக்க யோசித்தேன். அந்தப் பெண்ணின் கண்ணில் மன்று யார்? இவன்தான். அவள் மருண்டு பார்த்த முகம் இவன் முகம்.

புறநானூற்றுப் பிள்ளைகள் மன்றைப் பார்த்துத் தொலைத்தார்கள், சந்திரசேகரன் தானே மன்றாக ஆனதைப் பார்த்துத் தொலைத்தான். இதை இத்தனை வருஷம் கவனிக்காமல் படித்திருக்கிறேன்.

பிப்ரவரி 20, மாலை

"மன்று என்கிற ரப்பரை எவ்வளவு தூரம் இழுப்பீர்கள்?" நல்ல கேள்வி. அறுகிறவரைக்கும்.

பிப்ரவரி 26

கு. அழகிரிசாமியைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடித்தால் அவர் பிறந்த இடைசெவல் பக்கம் தலைகாட்ட முடியாது. எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம்.

'அன்பளிப்பு'. 1970இல் அவர் இறந்த பிறகு சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற தொகுப்புக்கும் அதே பெயர். கதைசொல்லி வீட்டுக்குத் தெருப் பிள்ளைகள் வந்து புத்தகங்களைக் கலைத்துப் போட்டுக் கும்மாளம் அடிப்பார்கள். அவர் எல்லோருக்கும் பிரியமானவர். சில பிள்ளைகளுக்கு டைரி கொடுக்கிறார். சாரங்கன் என்ற பையனுக்குக் கொடுக்கவில்லை. அவன் சண்டை போடவில்லை. ஒரு நாள் அவரைத் தன் வீட்டுக்கு வரச் சொல்லிக் கெஞ்சுகிறான். போகிறார். உட்காரவைத்து உபசரிக்கிறான். பிறகு ஒரு டைரியைக் கொண்டுவந்து நீட்டுகிறான், எழுதுங்கள் என்கிறான். என்ன எழுத? என் பிரியமுள்ள சாரங்கனுக்கு அன்பளிப்பு.

இதில் மன்றும் இல்லை, அதட்டலும் இல்லை. நல்ல மனுஷர், நாள் முழுக்கப் பிள்ளைகளோடு இருப்பவர். அவருக்கே தெரியாமல் ஒரு பிள்ளையை விட்டுவிட்டார். இதில் தொலைத்தது யார்? பெரியவர்தான். தான் எல்லோரிடமும் ஒரே மாதிரி அன்பாக இருக்கிறோம் என்று நம்பிக்கொண்டிருந்த வெள்ளந்தி அவர். பையனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

எனக்கு இந்தக் கதையில் தாங்க முடியாத இடம், அவன் அந்த வாக்கியத்தை யோசிக்காமல் சொல்வது. முன்னாலேயே எத்தனை தடவை மனசுக்குள் எழுதிப் பார்த்திருப்பான்!

மார்ச் 2, இரவு

இந்த இழையை அக்காவுக்கு அனுப்பியிருந்தேன். இன்று போன் செய்தாள். மூட்டுவலி, மருமகள், மாமரத்தில் பூ என்று அரை மணி நேரம் போன பிறகு:

"ஏலே, அண்ணாச்சி கடைன்னு ஒண்ணு எழுதியிருக்கியே."

"ஆமா."

"போனது நீ இல்லலே. நான்."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. நான் கூடப் போனேனாம். கையில் பம்பரம் இருந்ததாம். கடைப் படிக்குக் கீழே நின்று அதில் கயிறு சுற்றிக்கொண்டிருந்தேனாம். நோட்டை நீட்டியது அவள். "அப்பாவ வரச் சொல்லு" என்றது அவளிடம். அவளுக்கு அப்போது பத்து வயது.

"அப்ப, கடையில சீனி இல்லையாம்னு அம்மாகிட்ட பொய் சொன்னது?"

"அம்மாகிட்ட எங்க சொன்னேன்? உன்கிட்ட சொன்னேன். வெளிய வந்ததும் நீ கேட்டெ, சீனி எங்கன்னு."

மார்ச் 3

நேற்றிரவு முழுவதும் அந்தத் தராசுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது இப்போதும் ஆடுகிறது. படிக்குக் கீழே நின்ற ஏழு வயதுப் பையன் கண்ணுக்குத் தட்டு தெரியுமா? தெரிந்திருக்கலாம், கடை முகப்பில்தான் தொங்கும். ஆனால் நாலு தலை திரும்பியது? திரும்பியது அவளைப் பார்த்து என்றால், நான் அந்த நாலு முகத்தை எங்கிருந்து பார்த்தேன்?

யோசிக்க யோசிக்க அசிங்கமாக இருக்கிறது. நானும் வெளியே நின்று அவளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். ஐந்தாவது தலை.

ஆக, பிப்ரவரி 5 குறிப்பில் 'நான்' என்று வரும் இடமெல்லாம் 'அக்கா' என்று படித்துக்கொள்ளவும். பொய் மட்டும் அப்படியே இருக்கட்டும், அது சொன்ன ஆளும் கேட்ட ஆளும் மாறியிருக்கிறார்கள். மழை என்று சொல்லிக் கதவைச் சாத்திய அம்மாவைப் பற்றி அத்தனை எழுதினேன். பத்து வயதில் ஒருத்தி எனக்காக அதையே செய்திருக்கிறாள், அதை எடுத்து என் பெயரில் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒருவர் "தொடித்தலை விழுத்தண்டினார் பாட்டை ஏன் விட்டீர்கள்" என்று கேட்கிறார். புறநானூறு 243. தடி ஊன்றிய கிழவர், மரத்திலிருந்து மடுவில் துடும் எனக் குதித்து அடி மணலை அள்ளிவந்து காட்டிய நாளை நினைத்து, அந்தக் கல்லா இளமை எங்கே போனதோ என்கிறார். அழகான பாட்டு. இன்றைக்கு எனக்கு அந்தக் கிழவர் மேல் சந்தேகம் வந்துவிட்டது. குதித்தது அவர்தானா?

மார்ச் 9

அக்காவுக்கு அம்பை கதையையும் அனுப்பியிருந்தேன். படித்துவிட்டு இரவு குரல் பதிவு போட்டிருந்தாள். பின்னால் குக்கர் விசில்.

"அந்தம்மாவ எல்லாரும் திட்டுதீக. அவ போன எடத்துல என்ன பட்டுட்டு வந்தாளோ. தங்கச்சி வீட்டுல ஊர்க்காரன் முன்னாடி அந்தப் பிள்ளைய வேண்டாம்னுட்டுப் போயிருக்கான். அத வாங்கிக் கட்டிக்கிட்டு வந்து எறக்கி வைக்க எடமில்லாம பிள்ள மேல வச்சுட்டா. தப்புத்தான். ஆனா கொலைங்கறது அந்தப் பிள்ள சொல்லுத பேரு. அந்தம்மா ஒரு கதை எழுதினா வேற பேரு வப்பா."

பிப்ரவரி 11 குறிப்பில் நான் 'மன்னிக்க முடியவில்லை' என்று எழுதியிருந்தேன். அதை அப்படியே விட்டுவைக்கிறேன், அதன் கீழே இதையும் சேர்த்துப் படியுங்கள்.

பதிவு முடிந்தது என்று நினைத்தேன். குக்கரை இறக்கிவிட்டு மறுபடி ஒன்று போட்டிருந்தாள்.

"அப்புறம், அன்னைக்கு சீனி இல்லாம ஒண்ணும் வரல. மேலத்தெரு அத்தை வீட்டுல ஒரு டம்ளர் கைமாத்து வாங்கிட்டு வந்தேன். வார வழியிலயே கால்வாசி நீ தின்னுட்டெ. அடி வாங்கினது நானு. அதையும் எழுது."